கண் திறக்காத அம்மன்

"உளியக் கையில எடுத்தாலே அலுப்பா இருக்குதுங்கய்யா. நான் ஊருக்கே போயிடறேன்."

குழந்தைவேலு இதைச் சொன்னபோது கச்சபேசன் ஸ்தபதி காபி குடித்துக்கொண்டிருந்தார். சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு, குருவுக்கு நாற்பத்தெட்டு. அதனால் குரு சீடரை அண்ணே என்பார், சீடர் குருவை ஐயா என்பார்.

"என்ன ஆச்சுண்ணே?"

"அம்மன் சிலையப் பார்க்க நேத்து ஊர்க்காரங்க வந்தாங்க. உள்ள ஒரு சுத்து பார்த்துட்டு, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. நாளைக்கு வந்து முடிவு சொல்றாங்களாம்."

பன்னிரண்டு வருடம் அடுத்தவர் சிலைகளுக்குக் கையும் காலும் செதுக்கிய மனிதர். தனியாகச் செய்யக் கிடைத்த முதல் சிலை இது. இதுவும் கைநழுவினால், இனி அம்மி கொத்தித்தான் பிழைக்கவேண்டும் என்று அவர் முடிவே செய்துவிட்டார்.

குரு டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். இருவரும் குழந்தைவேலுவின் பட்டறைக்குப் போனார்கள். வாசலிலிருந்து சிலை வரைக்கும் குரு தாண்டித் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. அம்மன் பின்சுவர் ஓரமாக நின்றிருந்தாள்.

"அண்ணே, சிலை முடிஞ்சு கடைசியா உளியால கண் திறக்கிற அன்னிக்கு அம்மனுக்கு முதல்ல எதைக் காட்டுவோம்?"

இதெல்லாம் குழந்தைவேலுவுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"பசுவும் கன்னும். அப்புறம் கண்ணாடி, நெல்லுக் குவியல்."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் கண்ணுதான் தொறக்கலையேங்கய்யா. அவளுக்கு என்ன தெரியப் போகுது?"

குரு சீடரின் தோளைப் பிடித்து அம்மனுக்குப் பக்கத்தில், அவள் நிற்கிற மாதிரியே சுவரை ஒட்டி நிறுத்தினார்.

"கண்ணை மூடுங்க."

மூடினார்.

"இப்பத் தொறங்க."

ஆறு மாதமாகக் குழந்தைவேலு சிலையைப் பார்த்தபடியேதான் வேலை செய்திருந்தார். அம்மனுக்கு எதிரில் இருந்ததெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

முழங்கால் உயரத்துக்குக் கல் சில்லு. அதன் மேல் பரோட்டா கட்டி வந்த இலைகள். துருவேறிய உளிகள். மூக்கு உடைந்துபோன ஒரு பழைய தலை, அதன் மேல் காயப்போட்ட லுங்கி. நேர் எதிரே, அவள் முகத்துக்கு நேராக, பீடித் துண்டு நிறைந்த கொட்டாங்குச்சி.

"ஐயோ, தாயே!"

திரும்பிப் பார்த்தபோது குரு போய்விட்டிருந்தார்.

குழந்தைவேலு வேட்டியை மடித்துக் கட்டினார். சில்லை அள்ளினார். அள்ளி அள்ளி நாற்பது கூடை ஆனது, இடுப்பு கழன்றது. தரையைக் கழுவினார். உளிகளைத் தேய்த்துத் துடைத்து, சின்னதும் பெரிசுமாக வரிசையில் வைத்தார். அடைந்து கிடந்த ஜன்னலையும் திறந்துவிட்டார்.

நடுப்பகலில் நிமிர்ந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அம்மனின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. நாலு மாதம் முன்பு அதைச் செதுக்கியது அவர் கைதான். ஆனால் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தார். உடம்பெல்லாம் புல்லரித்தது. இவ்வளவு பெரியவள் முன்னாலா நான் அலுத்துக்கொண்டேன் என்று வெட்கமாகவும் இருந்தது.

கை தானாகவே சின்ன உளியைத் தேடிப் போனது. ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டிருந்த வலது கை விரல்கள் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டன. அவருக்குச் சோற்று ஞாபகமும் வரவில்லை, பீடி ஞாபகமும் வரவில்லை.

மறுநாள் காலை ஊர்க்காரர்கள் ஐந்து பேர் சளசளவென்று பேசிக்கொண்டே வந்தார்கள். முந்தாநாள் செருப்போடு உள்ளே வந்தவர்கள்தான். இன்றைக்கு வாசலில் முதல் ஆள் நின்றார், செருப்பைக் கழற்றினார். யாரும் சொல்லவில்லை. பின்னால் வந்த நாலு பேரும் கழற்றினார்கள். பேச்சு அடங்கிப்போனது.

அந்த ஐவரில் மூத்தவளான பச்சையம்மா நேரே அம்மன் முன்னால் போய்க் கைகூப்பினாள். கண் நிறைந்து வழிந்தது.

குழந்தைவேலு பதறிப்போனார். "அம்மா, கண்ணு இன்னும் தொறக்கலைங்கம்மா..."

"தெரியுதுப்பா." அவள் குரலைத் தாழ்த்தினாள். "மெல்லப் பேசு. கேட்டுக்கிட்டிருக்கா."