இரண்டு பாட்டில் தண்ணீர்

பேரூராட்சியில் தண்ணீர் திறந்துவிடும் சொர்ணம், ஊர்க் கிணற்றில் போட பிளீச்சிங் பவுடர் வாங்கித் தரச் சொல்லி தலைவர் தணிகாசலத்திடம் கேட்டுக் கேட்டே ஓய்ந்துபோனாள். வீட்டுக்கு ஒருவராக வயிற்றுப்போக்கில் படுத்தார்கள். கடைசியில் சுகாதார ஆய்வாளர், பரிசோதனைக்குப் பேர் ஒட்டிய இரண்டு பாட்டில் அனுப்பினார். ஒன்று கிணற்றுக்கு, இன்னொன்று தலைவர் வீட்டு போர்வெல்லுக்கு.

“கிணறு கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா என் மானம் போயிடும். கிணத்து பாட்டில்ல எங்க வீட்டுத் தண்ணியப் புடி” என்றார் தலைவர்.

“அப்போ ஐயா வீட்டு பாட்டில்ல?”

“கிணத்துத் தண்ணிய ஊத்தித் தொலை!”

சொர்ணம் சொன்னபடியே செய்தாள்.

பத்தாம் நாள் ஆய்வாளர் பரிசோதனை முடிவோடு வந்து, தலைவர் வீட்டு மோட்டாருக்கு சீல் வைக்கப் போனார்.

“ஐயோ, அது என் வீட்டுத் தண்ணியில்ல சார், ஊர்க் கிணத்துத் தண்ணி!” என்று தெருவே கேட்கக் கத்தினார் தலைவர்.

சொர்ணம் நோட்டைப் பிரித்தாள். “அப்போ பவுடர் எத்தனை மூட்டை எழுதட்டுங்கய்யா?”