பலாவுக்குள் சங்கிலி

சத்திரத்து மணியக்காரர் வைத்தியலிங்கம் மீசையை முறுக்கிக்கொண்டு வாசலை மறித்தார்.

"நகை, பணம் எல்லாத்தையும் என்கிட்ட ஒப்படைச்சாத்தான் உள்ளே இடம். வெளியே படுத்தா வழிப்பறிக்காரன் கழுத்தை அறுப்பான்!"

ஒப்படைத்த பொருள் விடிவதற்குள் காணாமல் போகும். கேட்டால், "திருடன் வந்துட்டான், நான் என்ன செய்ய?" என்பார். இப்படிப்பட்ட ஆளிடம் நியாயம் பேசியா ஜெயிக்க முடியும்?

அன்று வந்தவள் வேலைக்காரி செங்கமலம். முதலாளி மகளின் கல்யாணத்துக்குத் தங்கச் சங்கிலி கொண்டுபோகிறாள். தொலைத்தால் ஆயுசுக்கும் கூலியில்லாமல் உழைக்க வேண்டியதுதான். தலையிலிருந்த பலாப்பழத்தை இறக்கி அவரிடம் நீட்டினாள்.

"சங்கிலியை இதுக்குள்ள சொருகி வச்சிருக்கேன் சாமி. பத்திரம்."

காலையில் பழம் இல்லை.

"நரி இழுத்துட்டுப் போச்சு, போடி!" என்றார் மணியக்காரர், கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு.

"அப்படியா? பிள்ளையாரைக் கும்பிட்டு ஒரு சத்தியம் பண்ணுங்க, போயிடறேன்."

சத்திரமே கூடிவிட்டது. வேறு வழியில்லாமல் கும்பிட்டார். கும்பிட்ட கை பிரியவில்லை! இழுத்தார், உதறினார், பல்லைக் கடித்தார். பலாப்பிசின் விடுமா?

"பலா அறுக்கிறவன் முதல்ல கையில எண்ணெய் பூசுவான் சாமி. அதுகூடவா தெரியாது?"

மணியக்காரருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "பொய்க்காரி! சுளை சுளையாப் பிரிச்சுப் பார்த்தேன், சங்கிலியே இல்லையேடி!"

"எப்படி இருக்கும்? அது என் கொண்டைக்குள்ளல்லவா இருக்கு!"

வழிப்போக்கர்கள் அவர் அறைக்குள் புகுந்து அவரவர் பொருளை எடுத்துக்கொண்டார்கள். கைகூப்பி நின்றவருக்குப் பதில் கும்பிடு போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே நடையைக் கட்டினார்கள்.