கறுப்புக் கரையோடு வந்த கல்யாணப் பெயர்கள்

அந்தக் காலத்தில் கணினிக்குள் இருந்த எழுத்துகள் வாய் திறந்து பேசும். ஒரு கோப்பிலிருந்து நகலெடுத்த எழுத்தை இன்னொன்றுக்குத் தூக்கிப்போக அங்கே சுமையன் என்று ஒருவன் இருந்தான். தலையில் ஏற்றியதைச் சுமப்பான், காட்டிய இடத்தில் இறக்குவான். எதையும் கேட்க மாட்டான். இறக்கிய கையோடு ஓடிவிடுவான்.

அச்சகத்தில் தட்டச்சு செய்யும் முத்துச்செல்விக்கு அவன் இல்லாமல் வேலை ஓடாது. அன்று அழகர்சாமி மகளின் கல்யாணப் பத்திரிகை. சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு வந்து, "மாதிரியைக் காட்டும்மா, பார்த்துட்டே போறோம்" என்று முன்னறையில் உட்கார்ந்துவிட்டார் அழகர்சாமி. அந்தச் சம்பந்தி சகுனம் பார்ப்பதில் புலி. சொந்தக்காரர் பெயர்கள்தான் பாக்கி. அதே பெயர்கள், போன வருடம் அழகர்சாமியின் அண்ணனுக்கு அடித்த கருமாதிப் பத்திரிகையில் இருந்தன. மறுபடி தட்டுவானேன் என்று அப்படியே அள்ளிச் சுமையன் தலையில் ஏற்றினாள்.

இறக்கினான். மஞ்சளும் சிவப்புமாய் இருந்த பக்கத்தின் நடுவே, கறுப்புக் கரை கட்டி, தடித்த எழுத்தில் சொந்தக்காரர்கள் வந்து நின்றார்கள். முத்துச்செல்வி முன்னறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். சம்பந்தி கண்ணில் பட்டால் கல்யாணமே நின்றுபோகுமே!

"ஐயோ, ஏன் இந்தக் கோலத்துல வந்தீங்க?"

"எழவு வீட்டுல இருந்தோம். உடுத்தினதோட தூக்கிட்டு வந்துட்டான். மாத்தச் சொல்லி யார் சொன்னா?" என்று பெயர்கள் முறுக்கிக்கொண்டன.

"ஏம்மா, ஆச்சா?" சம்பந்தியின் செருப்புச் சத்தம் நெருங்கியது.

"சுமையா, ஓடியா! இவங்களைத் திருப்பிக் கொண்டுபோ. உடுப்பை அங்கேயே போட்டுட்டு, வெறும் பேரை மட்டும் கொண்டா. இந்த வீட்டு உடுப்பை நான் கட்டி விடுறேன்."

அவன் பாய்ந்து போய் வந்தான். சம்பந்தி திரைக்கு முன் குனிந்தபோது பெயர்கள் எல்லாம் சிவப்பு உடுத்தி அடக்கமாய் நின்றன. அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"என் பேரை மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசாப் போடும்மா" என்றார். அவ்வளவுதான்.

அவர்கள் போனதும் முத்துச்செல்வி நாற்காலியில் சாய்ந்தாள். "கல்யாண வீட்டுல இறக்குறியே, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாடா?"

சுமையனின் முகம் தொங்கிப்போயிற்று. "இனிமே இறக்கினதும் ஓட மாட்டேன்க்கா. பக்கத்துலயே நின்னு கேப்பேன்."

அன்று முதல்தான், கணினியில் எதை நகலெடுத்து ஒட்டினாலும் அதன் காலடியில் குட்டிப் பலகையாய் வந்து நிற்கிறான் அவன். பழைய உடுப்போடு இருக்கட்டுமா, இந்த வீட்டு உடுப்பா, வெறும் எழுத்து போதுமா என்று கேட்கிறான். அவசரத்தில் நாம்தான் அவனைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.