காரணம், உதாரணம், சால்வை

ஜமீன் சபையில் நீதி சொல்லும் சடகோப சாஸ்திரி, தர்க்க முறைப்படி பேசாதவர் வழக்கைக் கேட்கவே மாட்டார். திருட்டுப் பழியில் அகப்பட்ட குயவனுக்கு அன்று கசையடி. அவன் மனைவி சிலம்பாயி ஓடிவந்து கதறினாள்.

"சாமி, அன்னிக்கு ராத்திரி முழுக்க அவரு என்கூடச் சூளையில நின்னாரு."

"அழறது வாதம் ஆகாது. முதல்ல கூற்று, அடுத்து காரணம், அப்புறம் உதாரணம். வரிசை தப்பினா வெளியே போ."

சிலம்பாயி கண்ணைத் துடைத்தாள். சாஸ்திரியின் முதுகுப்பக்கம் பார்த்தாள்.

"இங்க நெருப்பு இருக்கு, சாமி."

"காரணம்?"

"புகை வருது."

"உதாரணம்?" சாஸ்திரி பூரித்துப்போனார்.

"எங்க சூளை. புகையுற இடத்துல நெருப்பு இருக்கும்."

"பலே. இங்கே எது புகையறது?"

"உங்க சால்வை, சாமி."

குத்துவிளக்கில் பட்ட சால்வை நுனி அதற்குள் பாதி முதுகுவரை எரிந்திருந்தது. பின்னால் நின்ற சேவகர்கள் அதைப் பார்த்தும், முறைப்படிப் பேசத் தெரியாததால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

சாஸ்திரி சால்வையை உதறி எறிந்தார். "பாவி, பார்த்ததும் கத்தப்படாதா?"

"கத்தினா வெளியே போகச் சொல்வீங்களே, சாமி. என் வீடும் காலையிலேருந்து இப்படித்தான் எரியுது."

சாஸ்திரி எரிந்த சால்வையைப் பார்த்தார். பிறகு கசையைக் கீழே போடச் சொன்னார்.

"எங்கேருந்து வேணும்னாலும் ஆரம்பிச்சுச் சொல்லும்மா."