தானாகத் தாழும் வண்டி

மாசிலாமணி ஐம்பதைத் தாண்டிய பிறகு சிஷ்யர் ஆனவர். சரக்கு லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றியே காலத்தைக் கழித்தவர், தோள் பழுதானதும் சம்மட்டியை வைத்துவிட்டு, பீளமேட்டில் பழைய கார்களுக்கு ஒயரிங் பார்க்கும் செண்பகவல்லியிடம் வந்து சேர்ந்தார். அவள் அவரைவிட இளையவள். அவர் அவளை அம்மிணி என்பார். அவள் அவரை அண்ணா என்பாள். குரு யார் என்பதில் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

மழைக்காலத்தில் பட்டறைக்கு ஒரு கறுப்புக் கார் வந்தது. பின்னால் சுமை ஏற்றினால் தானே உயரும். இறக்கினால் தானே தாழும். அச்சின் அருகே இருக்கும் சின்ன சுவிட்ச் சுமையை உணர்ந்து மோட்டாருக்குச் சொல்லும். சாலைக் குழிகளுக்கு ஏமாறாமலிருக்க, சற்றுப் பொறுத்துத்தான் சொல்லும். கதவு திறந்திருந்தால் கதவுப் பட்டன் மின்சாரத்தை நிறுத்திவிடும். அந்த நம்பிக்கையில், கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு அடியில் படுப்பது வழக்கம்.

மாசிலாமணியும் அப்படித்தான் செய்தார். டிக்கியிலிருந்த மணல் மூட்டைகளை இறக்கினார், கதவைத் திறந்து வைத்தார், முட்டுக்கட்டை கொடுக்காமலே அடியில் போனார். ஸ்பேனர் எடுக்க வெளியே வந்த நேரம், வண்டி மெல்ல முனகிக்கொண்டு இறங்கியது. தலைமாட்டில் வைத்திருந்த டார்ச் தகடாகிப்போனது.

அதன் பிறகு அவரால் அடியில் போக முடியவில்லை. தரையில் படுப்பார்; தலை நுழையுமுன் எழுந்துவிடுவார். லாரிக்கே திரும்பிவிடுகிறேன், பட்டை ஒடிந்தாலும் பதுங்கியிருந்து ஆளைப் பிடிக்காது என்று சிரிக்கப் பார்த்தார். அந்தத் தோளோடு எந்த லாரிப் பட்டறையும் அவரைச் சேர்க்காது. அது இருவருக்கும் தெரியும்.

“பயம் எப்பப் போகுங்க அம்மிணி?”

செண்பகவல்லி மணல் மூட்டைகளை மறுபடி டிக்கியில் ஏற்றினாள். வண்டி உயர்ந்ததும் பாட்டரி ஒயரைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, மூட்டைகளை இறக்கினாள். கரண்ட் வந்தால் எரியும் டெஸ்ட் லேம்பை எடுத்துக்கொண்டு தரையில் சாக்கை விரித்தாள்.

“நான் உள்ள போறேன். கரண்ட் இருந்தாத்தான் கோளாறு தெரியும். சொல்றப்ப வைங்க, சொல்றப்ப எடுங்க.”

“இருங்க அம்மிணி.”

அவர் ஓடிப்போய்க் கட்டைகளைக் கொண்டுவந்தார். வண்டியின் சட்டத்துக்கு அடியில் இரு பக்கமும் அடுக்கினார். ஒவ்வொன்றையும் உதைத்துப் பார்த்தார். ஒரு கட்டைக்குக் கீழே எண்ணெய் கசிந்திருந்தது. துடைத்துவிட்டு வேறு கட்டை வைத்தார். மறுபடியும் எல்லாவற்றையும் உதைத்தார். அவள் அவசரப்படுத்தவில்லை. சாக்கில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு உள்ளே போனாள். காலணிகள் மட்டும் வெளியே தெரிந்தன.

“வைங்க.”

ஒயரைப் பாட்டரியில் அழுத்தினார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அவர் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் முனகியது. திறந்த கதவு ஆடியது. வண்டி இறங்கி வந்து கட்டைகள்மேல் உட்கார்ந்தது. மரம் நெரியும் சத்தம் கேட்டது.

காலணிகள் அசையவில்லை.

“அம்மிணி...”

“கதவு திறந்தே இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க.”

“ஆனாலும் லேம்ப் எரியுது. கதவுப் பட்டன் துரு ஏறி, கதவு மூடுன மாதிரி உள்ளேயே ஒட்டிக்கிடக்குது போல. நீங்க படுத்திருந்தப்பவும் வண்டி முழிச்சுட்டுத்தான் இருந்திருக்குதுங்கண்ணா. எடுங்க.”

அவர் ஒயரை எடுத்தார். அவள் வெளியே வந்து, உடம்பிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, பட்டனைக் கழற்றிக் காட்டினாள். துருதான். சுரண்டி எண்ணெயிட்டு மறுபடி பொருத்தினாள். இனி மிச்சமிருந்தது வண்டி வந்த வேலை: பிசகியிருந்த அச்சு சுவிட்சைச் சரியான நிலையில் முடுக்குவது. அதற்கும் ஒருவர் அடியில் போக வேண்டும்.

மாசிலாமணி ஒயரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

“உங்களுக்குப் பயமே கிடையாதுங்களா?”

அவள் கட்டைகளை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தாள். ஒன்றை இரண்டாம் முறை உதைத்தாள். பிறகு அவர் கையிலிருந்த ஒயரை வாங்கிக்கொண்டு பாட்டரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீங்க உள்ள போங்கண்ணா. பயப்படறதுக்கு இங்க நான் இருக்கறேன்.”