பால்வண்ணம் சார் வளர்த்த மீன்கள்

சிரிக்க வைக்கிற கதைதான். ஆனால் உடனே சிரிக்க முடியாது. பால்வண்ணம் சார் இன்னும் கை கழுவிக்கொண்டிருக்கிறார். முழங்கை வரை சோப்புப் போட்டு, அலசி, முகர்ந்து பார்த்து, திருப்தி வராமல் மறுபடி சோப்பை எடுக்கிற ஆள். அவர் வரட்டும். சிரிப்பும் வரும்.

சார் முப்பத்தோரு வருஷம் நகராட்சியில் சுகாதார ஆய்வாளர். சாக்கடை ஓரங்களில் அவர் தூவச் சொன்ன பிளீச்சிங் பவுடரைக் குவித்தால் ஊருக்கு நடுவே ஒரு வெள்ளை மலை நிற்கும். ஓய்வு பெற்ற மறு மாசம் அவருக்கு ஓர் ஆசை வந்தது. எட்டு நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வருகிற கரிசல் ஊரில், மண்ணே இல்லாமல் கீரை வளர்க்க வேண்டும். கீழே நீல டிரம்மில் மீன். மேலே கூழாங்கல் நிரப்பிய தொட்டியில் கீரை. நடுவில் குட்டி மோட்டார். மீன் கழித்த தண்ணீர் கீரைக்கு ஏறும். கீரை விட்ட தண்ணீர் மீனுக்கு இறங்கும்.

சொல்லிக்கொடுத்தவள் செண்பகவல்லி. மீன்வளம் படித்துவிட்டுத் தன் வீட்டுக் கொல்லையில் இதையே செய்கிறவள். வயசு முப்பது. சாருக்கு மகள் மாதிரி. ஆனாலும் சார் கைகட்டி நின்று "டீச்சரம்மா" என்றார்.

"ஒண்ணே ஒண்ணு சார். கல்லை மட்டும் கழுவாதீங்க."

சார் சிரித்தார். நமக்கு வரவேண்டிய சிரிப்பு இது இல்லை.

"அழுக்குலயா டீச்சரம்மா கீரை வளக்கச் சொல்றீங்க? நான் யாருன்னு ஊர்ல விசாரிச்சுப் பாருங்க!"

அறுபது ஜிலேபி மீன் குஞ்சுகள் விட்டார். பக்கத்து வீடு தங்கச்சி ஆவுடைத்தாயுடையது. தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிறாள். புருஷன் போய்ப் பத்து வருஷம். சாயங்காலம் வேலை விட்டதும் நடுச்சுவரைத் தாண்டி வந்து டிரம் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

"ஏ அண்ணே, இந்தச் சுழிப் பயலைப் பாரேன். எப்பவும் இவன்தான் முதல்ல வாரான்."

"தீனியை அள்ளிப் போடாத."

"ஒரு சிட்டிகைதான் போடுதேன். வீட்டுக்குப் போயி நான் யாருக்குப் போடப் போறேன்?"

ஞாயிற்றுக்கிழமை சார் தொட்டியைக் கவிழ்த்தார். ஒவ்வொரு கல்லையும் பிளீச்சிங் தண்ணீரில் தேய்த்து, வாசனை போக அலசி, வெயிலில் காயவைத்து, வெள்ளை வெளேர் என்று அடுக்கினார். வியாழக்கிழமை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சனிக்கிழமை அறுபதும் மல்லாந்து மிதந்தன.

காரணம் சாருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. முப்பத்தோரு வருஷ அனுபவம் அல்லவா?

அன்று சாயங்காலம் ஆவுடைத்தாய் கூட வேலை பார்க்கிற ஏழு பெண்களோடு தெருவில் வந்துகொண்டிருந்தாள். சார் குறுக்கே நின்றார்.

"கையைக் காட்டு."

காட்டினாள். நகக்கண்களில் தீக்குச்சி மருந்து ஒட்டியிருந்தது.

"இந்தக் கைதான். இந்த மருந்துக் கையால தீனி போட்டு அறுபது உசிரைக் கொன்னுட்ட."

"அண்ணே, நான் கழுவிட்டுத்தானே..."

"நீ கழுவுற லட்சணம் எனக்குத் தெரியாது? இனிமே என் வீட்டுப் பக்கம் வராத."

ஏழு பெண்களும் அவரவர் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்கள். விஷயம் ஊர் முழுக்கப் பரவியது. மறுநாளிலிருந்து அவர்கள் யாரும் அந்தத் தெரு வழியாக வரவில்லை. ஆவுடைத்தாயும் ரயில்வே குடோனைச் சுற்றிப் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனாள்.

அடுத்த அறுபது குஞ்சுகள் வந்தன. அடுத்த ஞாயிறும் வந்தது. அவையும் செத்தன. தங்கச்சிதான் வருவதே இல்லையே? சார் யோசித்தார். சுவருக்கு மேலே எதையோ வீசியிருக்கிறாள்! மூன்று வரிசை ஹாலோ பிளாக் வைத்துச் சுவரை உயர்த்தினார். மூன்றாவது அறுபதும் செத்தது.

டீச்சரம்மாவிடம் ஓடினார்.

"தண்ணியில மருந்து கலந்திருக்குன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. ஸ்டேஷன்ல கொடுக்கப் போறேன்."

"யார் மேல சார்?"

"என் கூடப் பிறந்தவ மேலதான்."

செண்பகவல்லி உள்ளே போய் மூடி போட்ட ஒரு டிரம்மை நகர்த்தி வந்தாள். மேலே வைக்கக் கீரைத்தொட்டி, தன் தொட்டியிலிருந்து இரண்டு கூடைக் கல் எல்லாம் கொடுத்தாள்.

"இதுல உசிரு இருக்கு சார். நாப்பது நாள் கொல்லாம வச்சிருங்க. அதுக்கப்புறமும் கேட்டீங்கன்னா எழுதித் தர்றேன்."

"என்ன ரகம்?"

"எல்லாக் குளத்துலயும் இருக்கிறதுதான். வெளிச்சம் ஆகாது. மூடியைத் திறக்காதீங்க. ஓட்டை வழியா தினம் ஒரு சிட்டிகை தீனி. எதையும் கழுவக் கூடாது."

"எத்தனை இருக்கு?"

"நிறைய."

நாற்பது நாளும் சார் ஒரு நோட்டில் எழுதினார். ஆபீஸ் பழக்கம். 'நாள் 5: துர்நாற்றம் வீசுகிறது. மேற்படி மீன்கள் உயிருடன் உள்ளதாகத் தெரிகிறது.' 'நாள் 12: துள்ளும் சத்தம் தெளிவாகக் கேட்டது.' அது மோட்டார் சத்தம். 'நாள் 19: நாற்றம் முற்றிலும் நின்றது. மீன்கள் நலம். ஒன்று மட்டும் சற்று மந்தம்.'

சிரிப்பு கிட்டத்தில் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம்.

ரேஷன் கடை வரிசையில் கையை விரித்துக் காட்டினார்.

"இம்புட்டு நீளம் வளந்திருக்கும்!"

"பாத்தீங்களா சார்?"

"பாக்கணுமாய்யா? தின்கிற வேகத்துலயே தெரியாதா?"

ஞாயிறுகளில் கை பரபரத்தது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்டுக்கீரை முழங்கால் உயரம் வந்தது. அவருக்கு மட்டும் என்றால் ஒரு வாரத்துக்கு வரும். ஒரு சாயங்காலம் ஒரு கட்டு பறித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். அந்தப் பக்கம் இருமல் சத்தம். 'ஏ ஆவுடை' என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு, கீரையைச் சுவரடியில் போட்டுவிட்டு உள்ளே போனார். காலையில் வாடிக் கிடந்தது.

நாற்பதாம் நாள் காலை, டார்ச் லைட்டும் வலையுமாக மூடியைத் திறந்தார். வலையை விட்டுத் துழாவினார். கையை விட்டுத் துழாவினார். கடைசியில் தலையையே விட்டுப் பார்த்தார்.

தண்ணீர். வெறும் தண்ணீர்.

சிரிக்க வேண்டியவர்கள் இப்போது சிரித்துவிடலாம். பிறகு நேரம் இருக்காது.

ஈரச் சட்டையோடு டீச்சரம்மா வீட்டில் போய் நின்றார்.

"மீனே இல்ல!"

"நான் மீன்னு சொல்லலியே சார்."

"நாப்பது நாளா என்னைக் கோமாளியாக்கிட்டீங்க!"

"ஆமா சார். கீரை வந்துச்சா?"

"முழங்கால் உயரம்... அது கிடக்கட்டும். நான் போட்ட தீனி எங்க போச்சு? நாத்தம் எப்படி நின்னுச்சு?"

செண்பகவல்லி தொட்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். வழவழ என்றிருந்தது. சாரின் கட்டைவிரல் பழக்கத்தில் தானாகத் தேய்க்கப் போனது.

"தேய்க்காதீங்க. அதுகதான் உசிரு."

விரல் நின்றது.

"மீன் கழிக்கிறது மீனுக்கே விஷம் சார். கல்லுல ஒட்டியிருக்கிற இதுகதான் அதை மாத்திக் கீரைக்குக் கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாது. வளரவே மாசக்கணக்காகும். இதுக இல்லாத தண்ணியில மீன் ஒரு வாரம் தாங்காது."

சார் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை..."

செண்பகவல்லி தலையசைத்தாள்.

"அவ ஒரு சிட்டிகைதான் போட்டா. கழுவிட்டுத்தான் போட்டேன்னு சொன்னா. முதல்லயே சொல்லியிருக்கலாமே டீச்சரம்மா."

"சொன்னேன் சார்."

கல்லை எங்கே வைப்பது என்று சாருக்குத் தெரியவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கே சுவரை இடிச்சிர்றேன். பொழுது அடைஞ்சதும் அவ வீட்டுக்குப் போறேன். கதவைச் சாத்திட்டு, அவ கையைப் பிடிச்சு, தப்பு என்னோடதுதான்னு சொல்லிர்றேன். போதும்ல டீச்சரம்மா?"

"அன்னைக்குக் கதவைச் சாத்திட்டா சார் சொன்னீங்க?"