எட்டுத் தலைக்கு எட்டுக் கட்டி

முன்னொரு காலத்தில், மேற்குக் கடலின் நடுவே, துவைத்த துணி ஒரு நாளும் முழுதாகக் காயாத அயர்லாந்துத் தீவில், ஃபெர்கல் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். காலையில் ஒரு சட்டம் போடுவான். மத்தியானம் சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் அதை மாற்றுவான். அவனுடைய அமைச்சர் எய்ட்னா என்ற பெண்.

எய்ட்னாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. தினமும் வேலையைத் தொடங்குமுன் அரண்மனையின் மேற்கு ஜன்னலுக்குப் போவாள். கடலுக்கு அந்தப் பக்கம் இனிஷ்லா என்ற குட்டித் தீவு. அங்கே பள்ளிக்கூடத்துப் புகைபோக்கியிலிருந்து ஒரு கோடு புகை எழும். அதைப் பார்த்த பிறகுதான் ஓலைகளைத் தொடுவாள்.

அவள் பிறந்தது அங்கேதான். அப்போது அந்தத் தீவில் பள்ளிக்கூடம் கிடையாது. ஏழு வயதில் படகில் ஏற்றி, இக்கரை விடுதிக்கு அனுப்பினார்கள். விடுதி ஜன்னலிலிருந்து பார்த்தால் அம்மா மூட்டும் அடுப்பின் புகை தெரியும், அம்மா தெரியமாட்டாள். எய்ட்னா அமைச்சரானதும் செய்த முதல் காரியம், இனிஷ்லாவில் பள்ளி கட்டியது. பதினைந்து வருஷமாகிறது. ஒரு நாளும் போய்ப் பார்க்க நேரம் வாய்க்கவில்லை.

ஐப்பசிக் குளிரில் ஒரு காலை புகை எழவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் படகுக்காரன் ஆசிரியை மோர்னாவின் கடிதத்தைக் கொண்டுவந்தான்.

“அம்மா, சதுப்புச் சேற்றை வெட்டி உலர்த்திய கரிமண் கட்டிகள்தானே நமக்கு விறகு. அரசுப் பண்டகசாலையிலிருந்து தினம் இருபது கட்டி வரும். இப்போது எட்டுதான் வருகிறது. காலையில் கணப்பு மூட்டினால் பாதிப் பாடத்தில் அணைந்துவிடுகிறது என்று, இப்போது மத்தியானத்துக்கு மேல்தான் மூட்டுகிறோம். பிள்ளைகள் இருமுகிறார்கள். இந்த வாரத்துக்குள் சரியாகாவிட்டால் அக்கரை விடுதிக்கே அனுப்பிவிடுவோம் என்கிறார்கள் பெற்றவர்கள். சின்னவள் டாரா பொம்மையை மூட்டை கட்டிவிட்டாள்.”

எய்ட்னா கடிதத்தோடு நேரே சபைக்குப் போய் அதை உரக்கப் படித்தாள். அங்கே பண்டகசாலை அதிகாரி லோர்கன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருந்தான். அவளுடைய நாற்காலி மேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண்.

“என் ஏற்பாடுதான். ஒரு தலைக்கு ஒரு கட்டி. எட்டுப் பிள்ளைக்கு எட்டு, எண்பது பிள்ளைக்கு எண்பது. இதில் என்ன அநியாயம், அமைச்சரே?”

“அறை எட்டுப் பேருக்காகச் சுருங்குமா, லோர்கன்?”

“மன்னா, அமைச்சருக்குச் சொந்த ஊர்ப் பாசம். பாவம், பிரிந்து வந்த பிள்ளை!”

சபை சிரித்தது. உண்மையைச் சொல்லிக் குத்தினான் என்பதுதான் அவளுக்கு வலித்தது.

ராஜா தொடையைத் தட்டினான். “எனக்கு இந்தச் சட்டம் பிடித்திருக்கிறது! எய்ட்னா, நாளை மாலைக்குள் இது தப்பு என்று எனக்கு விளங்க வை. ஆனால் வாதாடக் கூடாது. ஒரு வார்த்தை பேசக் கூடாது. முடியாவிட்டால் அந்தப் பள்ளியை நீயே மூடு.”

“அப்படியே, மன்னா. ஒன்றே ஒன்று. நாளை ஒரு நாள் அரசு விறகு எரிகிற இடமெல்லாம் இதே சட்டம் நடக்கட்டும்.”

“சட்டம் என்றால் எல்லோருக்கும்தானே!” முத்திரை குத்திவிட்டான்.

மறுநாள் காலை ராஜா சபைக்கு வந்தான். அறுபது முழ மண்டபம். ஒருவரும் இல்லை, எல்லோருக்கும் எய்ட்னா விடுமுறை கொடுத்துவிட்டாள். கணப்பில் ஒரே ஒரு கட்டி, பூனைக்குட்டி மாதிரிச் சுருண்டு கிடந்தது.

“என்னடா இது?”

“ஒரு தலை, மன்னா. ஒரு கட்டி,” என்றான் கணப்புக்காரன்.

ராஜா போர்வையை இழுத்துக்கொண்டான். மூக்கு சிவந்தது. “என் நாய் இருக்கிறதே?”

“நாய் சட்டத்தில் இல்லை, மன்னா.”

அந்த நேரம் பார்த்து லோர்கன் வாசலில் எட்டிப் பார்த்தான். ராஜா பாய்ந்து அவன் கையைப் பிடித்தான். “வா, வா! நீ ஒரு கட்டி! உட்கார்!” சமையல்காரர்களைக் கூப்பிட்டான். காவலர்களை இழுத்தான். துணி வெளுக்கிற கிழவியை ஈரக்கையோடு சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்தான். உச்சிவேளைக்கு முப்பது பேர் சேர்ந்தார்கள். முப்பது கட்டி எரிந்த பிறகுதான் ராஜாவுக்குப் பல் கிட்டுவது நின்றது.

எய்ட்னா தூணோரம் நின்றாள். வாய் திறக்கவில்லை.

ராஜா நெருப்பைப் பார்த்தான். காலி மூலைகளைப் பார்த்தான். சட்டென்று லோர்கன் பக்கம் திரும்பினான். “முட்டாளே! குளிருவது மண்டபமடா! நான் ஒருவன் இருந்தாலும் இதற்கு முப்பது கட்டி வேண்டும். நானாவது வழியில் போகிறவர்களைப் பிடித்து இழுத்தேன். நடுக்கடலில் அந்த ஆசிரியை யாரைப் பிடித்து இழுப்பாள்?”

இப்போது எய்ட்னா பேசினாள். “மீன்களைத்தான், மன்னா.”

வெளுக்கிற கிழவிதான் முதலில் சிரித்தாள். மண்டபமே அதிர்ந்தது. குளிர்காலம் முடியும்வரை கட்டிகளைச் சுமந்து போய் இனிஷ்லாவில் கணப்பு மூட்டுவது இனி லோர்கன் வேலை என்று தீர்ப்பானது. அறையின் அளவுக்கு விறகு என்று சட்டமும் மாறியது.

“உனக்கு என்ன வேண்டும், எய்ட்னா? பொன்னா, நிலமா?”

“ஒரு நாள் விடுப்பு, மன்னா.”

“பதினைந்து வருஷமாக நீ கேட்டதே இல்லையே!”

“புகை தெரிந்துகொண்டிருந்தது. அதை வைத்துச் சமாளித்துவிட்டேன்.”

மறுநாள் லோர்கன் ஏறிய படகிலேயே அவளும் போனாள். கரையில் அம்மாவின் வீடு இருந்த இடத்தில் கூரை இல்லை. சுவருக்குள் புல் வளர்ந்திருந்தது. கொஞ்ச நேரம் அங்கே நின்றாள். பிறகு படகிலிருந்து ஒரு கட்டியை எடுத்துக் கையில் ஏந்தி, பள்ளிக்கூட வாசலுக்குப் போனாள்.

முன் பெஞ்சில் பொம்மையை மடியில் வைத்திருந்த டாரா அண்ணாந்து பார்த்தாள்.

“நீங்க புதுசாச் சேர வந்தீங்களா?”

“ஆமா கண்ணு,” என்றாள் எய்ட்னா. “கொஞ்சம் லேட்டாயிடுச்சு.”

டாரா நகர்ந்து இடம் விட்டாள்.

அன்றைக்கு அரண்மனையின் மேற்கு ஜன்னலில் ராஜா நின்றான் என்றும், புகை எழுந்ததைப் பார்த்த பிறகுதான் காலைச் சாப்பாட்டுக்குப் போனான் என்றும் சொல்கிறார்கள்.